பாடம் எழுதும் கை

தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தபோது, மகள் தன் முதல் 'அ'வின் வளைவைக்கூடத் தாண்டவில்லை. நாக்கை ஓரமாக நீட்டி, பென்சிலை இறுக்கிப் பிடித்து, உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவள்போல் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பின் முதல் வீட்டுப்பாடம். ஒரு பக்கம் முழுக்க 'அ' வேண்டும்.

"பாப்பா, சீக்கிரம்!"

"அழகா எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கப்பா."

"அழகையெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம். நீ போய் ஷூ மாட்டு. இப்படிக் குடு அதை."

அவளுடைய அம்மாவுக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஆகவே எழுப்புவது முதல் வேன் ஏற்றுவது வரை அப்பாவின் பாடு. அவர் பேக்கரியில் கேக் மாஸ்டர். பிறந்தநாள் கேக்கின்மேல் கிரீமைப் பிழிந்து பெயர் எழுதுகிற கை. அந்தக் கைக்குப் பென்சில் எம்மாத்திரம்? டிரைவர் மறுபடி ஹாரனில் கை வைப்பதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் மகள் நோட்டு அட்டையில் ஒரு நட்சத்திரத்தோடும், முகத்தில் அழுகையோடும் வந்தாள்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுச் சுவத்துல ஒட்டிட்டாங்கப்பா. இதே மாதிரி போர்டுல எழுதிக் காட்டுன்னாங்க."

"எழுதினியா?"

"சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"பெல் அடிக்கிற வரைக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. வேறு அப்பாவாக இருந்தால் மறுநாள் பிள்ளையைக் கொஞ்சம் முன்னதாக எழுப்பியிருப்பார். இவர் யோசித்தார். தப்பு, தான் எழுதியதில் இல்லை, அழகாக எழுதியதில்தான் என்று முடிவுக்கு வந்தார்.

மறுநாள் காலை பென்சில் இடது கைக்கு மாறியது. பிறந்ததிலிருந்து பை தூக்கியதைத் தவிர அந்தக் கை ஒரு வேலையும் செய்ததில்லை. 'ஆ' ஒவ்வொன்றும் தூக்கத்தில் எழுந்து நடப்பதுபோல் வந்தது.

"அடடா! அசல் ஒண்ணாங்கிளாஸ்!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

வாய் நிறைய நுரையும் கையில் பிரஷ்ஷுமாக மகள் வந்து நின்று பார்த்தாள். "ஏம்ப்பா இப்படி எழுதறே?"

"ஸ்கூலுக்கு இப்படித்தான். போ, வாயைக் கொப்பளி."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது.

வார முடிவில் நோட்டில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'கையெழுத்து திடீரென்று மோசமாகிவிட்டது. தினமும் கூடுதலாக ஒரு பக்கம் எழுதவும்.'

"என்னங்க, இவ நல்லாத்தானே எழுதிட்டிருந்தா?" என்றாள் மனைவி.

"புதுக் கிளாஸ் இல்லையா? போகப் போகப் பழகிடும்."

பழகியது. ஆனால் பழகியது அவருடைய இடது கை. தினம் இரண்டு பக்கம் எழுதி எழுதி அதுவும் திருந்தத் தொடங்கியது. 'உ' வரும்போது கிட்டத்தட்ட கேக்கில் ஏற்றலாம்போல் இருந்தது. இது என்னடா வம்பு என்று, கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்.

அடுத்த சிவப்பு மை: 'குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யவும்.'

மனைவி சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்து மகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். "இந்தக் கண்ணுக்கு என்னம்மா குறை? எறும்புக்கு மீசை இருந்தாலும் எண்ணிடும்," என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கண் சரியாக இருந்ததால் விஷயம் இன்னும் மோசமானது. கண்ணில் இல்லையென்றால் கோளாறு எங்கே? பெற்றோர் இருவரையும் பள்ளிக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. திரும்ப மழலையர் வகுப்பிலேயே உட்கார வைக்கலாமா என்று பேச வேண்டுமாம்.

அன்று மகள் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, நான் மறுபடியும் சின்னப் பிள்ளைங்க கிளாஸுக்கா?"

கேக்கில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாழ்த்து எழுதிய தன் கை, பெற்ற பிள்ளையைக் கவிழ்த்துவிட்டதே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

இடைவேளை நேரம்; வகுப்பறையில் மகளும் வெளியே போகாத ஒன்றிரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவர்களுக்கான நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் டீச்சர் இருந்தார். மற்ற இருவரும் முழங்கால் முகவாயில் இடிக்கக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கேக் மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டினார். வேன், ஹாரன், இடது கை, மூடிய கண், ஒன்றையும் விடவில்லை. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கிரீம் உருகிவிடும்.

டீச்சர் பெருமூச்சு விட்டு, இன்னொரு நோட்டைத் திறந்து நீட்டினார். "வீட்டுப்பாடம் நீங்க எழுதினீங்க, சரி சார். இது கிளாஸ்ல அவளே எழுதினது. என் கண் முன்னாடி."

அதே சாய்வு. அதே தள்ளாட்டம்.

"முதல் நாள் கிளாஸ்ல மெதுவா, ஆனா அழகா எழுதினா. அப்புறம் இப்படி ஆயிட்டா."

கேக் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "என்னாலதான் டீச்சர். ஒரு நாள்கூட அவளை எழுத விடல. அவ முதல் 'அ' எழுதறப்போ பக்கத்துல உக்காந்து பாத்திருக்கணும். ஒரு ஹாரனுக்குப் பயந்து பிடுங்கிட்டேன். இப்போ தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறேன்."

"நீங்களே பாருங்க," என்று டீச்சர் மகளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். "ஒரு 'அ' எழுதும்மா."

மகள் நாக்கை ஓரமாக நீட்டினாள். ரொம்பப் பாடுபட்டு எழுதினாள். 'அ' ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது.

மனைவி சட்டென்று எழுந்தாள். "என்னது, இடது கையில எழுதறா? இவ சாப்பிடறது, படம் வரையறது எல்லாம் வலது கையாச்சே!"

"இடது கைப் பழக்கம்னு நினைச்சு நான் ஒண்ணும் சொல்லல," என்றார் டீச்சர்.

பெரியவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற, முன்பல் விழுந்த சிறுமி மட்டும், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகக் கையைத் தூக்கி அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"வலது கையால எனக்குப் பேரு எழுதிக் குடுத்தா டீச்சர், அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா ஸ்கூல் பாடத்தை மட்டும் இடது கையாலதான் எழுதணுமாம், அவங்க அப்பா தினம் எழுதிக் காட்டுவாராம்."