மாஸ்டர் கத்திக்கு ஒரு கல்

துடைத்த துணியிலிருந்து ஒரு நூல் கத்தியில் மாட்டிக்கொண்டு வந்தபோதுதான் கனாயேவின் கை நின்றது.

நூலை எடுத்துவிட்டுக் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி, விளிம்பு ஒரு பொட்டு உடைந்து பல் போயிருந்தது. பெரிதில்லை. எள்ளில் பாதிதான் இருக்கும். ஆனால் அது மகினோ மாஸ்டரின் கத்தி.

"என்ன, அப்படியே நின்னுட்ட?" என்றான் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்ற இனாபா.

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கா முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

வகாசா கடற்கரையிலிருந்த அந்த விடுதியின் சமையற்கட்டில் கனாயேவுக்குப் பதினொரு வருடம். காய் நறுக்கினாள், மீன் சுட்டாள், குழம்பு வைத்தாள். சமைக்காமல் துண்டு போட்டுப் பரிமாறும் பச்சை மீனை மட்டும் அவள் கையில் கொடுத்ததில்லை. அது மாஸ்டரின் வேலை. மூன்று வாரங்களுக்கு முன்பு அவர் வீட்டில் தலைசுற்றி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்சை விடுதி வாசலில் நிறுத்தச் சொல்லி, படுத்தபடியே இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எதை வேணாலும் எடுத்துக்குங்க. மேல் அலமாரியில இருக்கற என் கத்திப் பெட்டியை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

மூன்று வாரம் அவள் தொடவில்லை. பச்சை மீன் கேட்டவர்களுக்கெல்லாம் தன் சொந்தக் கத்தியால் வெட்டிக் கொடுத்தாள். நன்றாகவே வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் துறைமுகத்திலிருந்து ஒரு குஜி மீன் வந்தது. செக்கச்சிவந்த தோல், விரலை வைத்தால் வழுக்கும் சதை. பதினொரு வருடமாக அந்தக் கத்தி மீனுக்குள் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். ஒரே ஒரு முறை, எப்படி இருக்கிறதென்று கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தெரிந்துகொண்டாள். கத்தி மீனைத் தொட்டதா, மீனே விலகிக் கொடுத்ததா என்று சொல்ல முடியவில்லை. பத்துத் துண்டு போடும்வரை அவள் மூச்சுவிட்டதாக அவளுக்கு நினைவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த நூல்.

ஏதோ முள் தட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். மாஸ்டர் அடுத்த வியாழக்கிழமை வீடு திரும்புவதாக விடுதியம்மா காலையில்தான் சொல்லியிருந்தாள்.

மதியப் பந்தி முடிந்ததும் சமையற்கட்டின் பழுப்பு நிறக் கல்லை நனைத்து உட்கார்ந்தாள். அவளுடைய கத்தியை அந்தக் கல் பதினொரு வருடமாகத் தீட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இது வேறு எஃகு. தூளாக்கி, அழுத்தி, சுட்டுச் செய்தது. கண்ணாடியைப் போலக் கடினம். கல்லின்மேல் கத்தி பனிக்கட்டியில் சறுக்குவதுபோல் சறுக்கியது. ஒரு மணி நேரம் தேய்த்த பிறகு பார்த்தாள். கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பல் போன இடம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி முன்பிருந்த கூர் மட்டும் போயிருந்தது.

"கத்தி கல்லைத் தீட்டுது," என்றான் இனாபா, தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. பிறகு அது யாருடைய கத்தி என்று தெரிந்ததும் இரண்டடி பின்வாங்கினான். "அய்யோ. நான் இங்க இல்ல. நான் எதையும் பாக்கல."

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? அவரே கேப்பாரு. துறைமுகத்துக் கத்திக்கடைக்காரர்கிட்ட கொடுத்துடு."

"கத்தியில மாஸ்டர் பேரு வெட்டியிருக்கு. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா மீன் பிடிக்கப் போறவங்க. நான் வீடு திரும்பறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குச் செய்தி போயிடும்."

அதனால் சனிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத தகேஃபுவுக்கு ரயிலேறினாள். கத்தியை எடுத்துப் போகவில்லை. அங்கே தீட்டுக்கல் கடை வைத்திருந்த ஹிரோசே எழுபது வயதுக்காரர். கல்லுக்கும் அவருக்கும் ஒரே நிறம்.

"என்ன எஃகும்மா?"

"ரொம்பக் கெட்டியானது."

"எவ்வளவு கெட்டி?"

கனாயே யோசித்தாள். "எங்க மாஸ்டர் மாதிரி."

ஹிரோசே சிரிக்கவில்லை. அது ஓர் அளவுதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். வைரத்தூள் பதித்த தகடு, வெள்ளைக் கல், சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கல்.

"பல் போன குழியை எடுக்க இது. கூர் கொண்டுவர இது. கடைசியா மெருகுக்கு இது. மூணும் வேணும்."

"பல்லு ஒண்ணுதான் போயிருக்கு. முதலாவது போதும்."

"போதாதும்மா."

"போதும்," என்று சொல்லி வைரத்தகட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு மதியம் பத்தே நிமிடத்தில் பல் போன குழி காணாமல் போனது. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், கத்தியின் முகம் முழுக்கப் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். விளிம்பை விரல் நகத்தில் வைத்து இழுத்தாள். அது ரம்பம்போல் அரித்தது. முன்பு ஒரு பல் போயிருந்தது. இப்போது எண்ணி முடியாது.

தகேஃபுவுக்குப் போன் செய்தாள்.

"அழுத்தித் தேச்சீங்களா?" என்றார் ஹிரோசே.

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"வேண்டிக்கிட்டே தேச்சேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "மீதி ரெண்டையும் கூரியர்ல அனுப்பறேன்."

திங்கட்கிழமை மாலை கற்கள் வந்தன. பழுப்புக் கல்லை எப்போதும் செய்வதுபோல் வெள்ளைக் கல்லையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்தாள். நன்றாக ஊறட்டும் என்று மறுநாள் மதியம் வரை விட்டாள். எடுத்துத் துடைத்து, மேசையில் வைத்து, முதல் இழுப்பு இழுத்தபோது 'டக்' என்றது. கல் குறுக்கே வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் உதட்டில் கத்தி இடித்து, மாஸ்டரின் கத்தியில் இப்போது ஒரு முழு எள் அளவுக்குப் பல் போயிருந்தது.

மறுபடி போன்.

"ஊற வச்சீங்களா?" ஹிரோசேயின் குரல் உடைந்தது. "அம்மா, அந்தக் கல்லு மேல தண்ணி தெளிச்சாலே போதும். ஊற வச்சா செத்துடும். பெட்டியிலயே எழுதியிருக்கே!"

"பெட்டியைப் பிரிக்கற அவசரத்துல..."

"மாஸ்டர் எப்ப வர்றாரு?"

தான் மாஸ்டரைப் பற்றி அவரிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கே நினைவில்லை. "நாளைக் கழிச்சு," என்றாள்.

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க. கல்லு விக்கறவன் சொல்றேன். இதுக்கு மேல எந்தக் கல்லும் உதவாது."

அவள் கேட்கவில்லை. வைரத்தகட்டில் மறுபடி குழியை எடுத்தாள். புதன்கிழமை முழுக்க, காய் நறுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் மெல்லிய கல்லில் தேய்த்தாள். கோடுகள் மறைந்தன. கத்தி கண்ணாடியாக மின்னியது. அதில் தன் முகத்தைப் பார்த்தாள். ஆறு நாளில் ஆறு வயது கூடியிருந்தது.

இனாபா ஒரு டோஃபு கட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கத்தியை மெதுவாக இறக்கினாள். டோஃபு வெட்டுப்படவில்லை; நசுங்கி உட்கார்ந்தது.

இனாபா கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"அழகா இருக்கு," என்றான். "சுவத்துல மாட்டலாம்."

அன்று வீட்டுக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் கத்தியைப் பற்றி எழுதாமல், அந்தப் பத்துத் துண்டு மீனைப் பற்றி எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டாள்.

வியாழக்கிழமை மகினோ மாஸ்டர் வந்தார். இளைத்திருந்தார். மனைவி யோஷியே பின்னாலேயே மருந்துப்பையோடு வந்து, விடுதியம்மாவிடம் நலம் சொல்ல உள்ளே போனாள். கனாயே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் கத்தியையும் பக்கத்தில் மூன்று கற்களையும் வைத்து, தரையில் மண்டியிட்டாள்.

"மாஸ்டர், உங்க கத்தியைத் தொட்டேன். குஜி வெட்டினேன். பல்லைப் போக்கிட்டேன். சரி பண்றேன்னு நினைச்சுக் கெடுத்துட்டேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

மகினோ கத்தியை எடுத்தார். திருப்பினார். கண் அருகே கொண்டுபோனார். பல் போயிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். இனாபா அடுப்பை அணைத்துவிட்டான்.

"முள்ளு தட்டிச்சா?" என்றார்.

"ஆமா மாஸ்டர்."

"ம்." கண்ணை மூடினார். "இந்த எஃகுக்குக் கல்லு எடுக்கறதுன்னா விளையாட்டா? கையில பொறுமை வேணும். மனசு அலையக்கூடாது. கல்லைப் பாத்த உடனே தெரியணும், இது ஆகும், இது ஆகாதுன்னு."

"எந்தக் கல்லு ஆகும் மாஸ்டர்?"

அவர் ஒரு கணம் தடுமாறியதுபோல் இருந்தது. "அதெல்லாம் சொல்லிப் புரியாது. இன்னும் பதினஞ்சு வருஷம் போகட்டும், தானாத் தெரியும்."

கனாயே தலை குனிந்தாள்.

"உன்னை அனுப்பிடலாம்," என்றார் மகினோ. "அனுப்பல. மனுஷன்னா தப்பு நடக்கும். நான் மன்னிச்சேன். ஆனா ஆறு மாசம் நீ கத்தியே தொடக்கூடாது. அரிசி கழுவு."

நெற்றி தரையில் படும்படி வணங்கினாள். அவளை மன்னித்த பெரிய மனதுக்காரர் துணியின் ஓரத்தை மடித்து அவசரமாகக் கற்களை மூடப் பார்த்தார்.

அதற்குள் யோஷியே திரும்பி வந்து, கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அட, இங்கயும் அதே மூணு கல்லா? இறால் ஓட்டுல இந்தக் கத்தியில பல்லு போச்சுன்னு போன மாசம் இவரும் இதையேதான் வாங்கிட்டு வந்து, எதுல தேய்க்கறதுன்னு தெரியாம மூணு நாள் முழிச்சுக்கிட்டிருந்தாரு. அந்த வெள்ளைக் கல்லு வாளிக்குள்ள வெடிச்சுதே, அப்ப தலைசுத்தி விழுந்தவருதாம்மா!"