எஃகுச் சிற்பச் செம்மல்

உலகத்துக்கெல்லாம் துப்பாக்கி அழிவைக் கொடுத்தது. திருத்தணிக்கு மட்டும்தான் அது மயிலைக் கொடுத்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. திருத்தணி வட்டாரக் கலைஞர் அங்கீகார மன்றத்தின் செயலாளர் என்ற முறையில், தீர்மான எண் பதினான்கின்படி சொல்கிறேன்.

என் பெயர் சந்திரமோகன். முப்பத்தோரு வருடம் கோப்புகளில் 'மேல் நடவடிக்கைக்காக' என்று எழுதிவிட்டு, ஒரு நடவடிக்கைக்கும் ஆளாகாமல் ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற மறுமாதமே மன்றத்தைத் தொடங்கினேன். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி தேங்காய் துருவச் சொல்கிறாள் என்பது ஒரு காரணம். அங்கீகாரம் இல்லாமல் வாடும் கலைஞர்கள் இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் லெட்டர்பேடில் அச்சடித்திருக்கிறோம்.

மன்றத்தின் தலைவர் துரைக்கண்ணு. எல்லாத் தீர்மானங்களையும் உடனே வழிமொழிவார். என்ன தீர்மானம் என்று பிறகு கேட்டுக்கொள்வார். ஒரு தலைவருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

இனி மயிலுக்கு வருகிறேன். கே.ஜி.கண்டிகையில் வீராசாமி என்று ஒரு பெரிய விவசாயி இருக்கிறார். கரும்பு, வேர்க்கடலை, இரண்டு போர்வெல், ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. துப்பாக்கி காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக அவருடைய அப்பா காலத்திலிருந்து லைசென்சுடன் இருப்பது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். போன தேர்தலுக்கு அப்படி ஒப்படைத்திருந்த காலத்தில் பன்றிகள் வந்து கடலைக்காட்டை ஏர் வைத்து உழுதது போல ஆக்கிவிட்டன. துப்பாக்கி திரும்பி வந்ததும் வீராசாமி ஆத்திரத்தோடு வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். அது அவருடைய தண்ணீர்த் தொட்டியிலேயே போய் இறங்கியது.

வேறு யாராக இருந்தாலும் குறி பார்க்கப் பழகியிருப்பார்கள். வீராசாமி எண் கணித நிபுணரிடம் போனார். நிபுணர் துப்பாக்கியின் நம்பரைக் கேட்டார். 20321. கூட்டினால் எட்டு.

"எட்டு சனியாச்சே! இது பன்னி பக்கம்தான் பேசும்" என்றார் நிபுணர். "ஆறா மாத்துங்க. ஆறு முருகனோட நம்பரு. முன்னாடி இருக்கற அந்த 2 போயிடுச்சின்னா கணக்கு சரியாப்பூடும்."

வீராசாமி துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு நேராக பஜாருக்கு வந்தார். அங்கே ஒரு பாத்திரக் கடை வாசலில், மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் பங்காரு உட்கார்ந்திருப்பார். குடம், பூஜைத் தட்டு, டிபன் கேரியர், எதுவானாலும் பெயர் வெட்டிக் கொடுப்பவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்தில் எந்த அண்டா மாறிப்போனாலும், அது யாருடையது என்று பங்காருவின் எழுத்துதான் தீர்ப்புச் சொல்லும்.

அப்போது நானும் அங்கே இருந்தேன். மனைவியின் இட்லிப் பானையில் பெயர் வெட்டக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பங்காரு, இந்த மொத ரெண்டு மட்டும் வாணாம்" என்றார் வீராசாமி.

"நம்பருங்களே. கை வெக்கலாமாங்க?"

"அழிக்கவா சொன்னேன்? மறைச்சிடு, போதும். எதுனா வந்தா நான் பாத்துக்கறேன்."

பங்காரு துப்பாக்கியின் பக்கத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது.

"ரெண்டு நல்லா கழுத்த வளைச்சிகினு நிக்குதுங்க" என்றார். "மயிலாக்கிடட்டா?"

மூன்று நாள் ஆனது. துப்பாக்கியின் எஃகு எவர்சில்வர் மாதிரி இளகவில்லை. பெயர் வெட்டும் மிஷினின் ஊசி முதல் நாளே உடைந்தது. பிறகு கையுளியும் சின்னச் சுத்தியலும்தான். எண் இரண்டின் தலையில் கொண்டை முளைத்தது. அலகு வந்தது. அடிக்கோடு கால்களானது. தோகை பின்னால் போய், தகடு முழுக்க விரிந்தது. தோகையில் ஒவ்வொரு கண்ணும் கடுகளவு, அந்தக் கடுகுக்குள் இன்னொரு புள்ளி. இட்லிப் பானை முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மூன்று நாளும் நான் போய் உட்கார்ந்திருந்தேன். பதவியின் பொருட்டு எத்தனையோ விஷயங்களைப் புகழ்ந்திருக்கிறேன். அந்த மயில் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

வேலை முடிந்ததும் பங்காரு கைப்பழக்கத்தில் மயிலின் காலடியில் 'வீராசாமி, கே.ஜி.கண்டிகை' என்று பெயரும் வெட்டிக் கொடுத்துவிட்டார். முப்பது வருடமாக, தன் கைக்கு வந்த எதையும் அவர் பெயரில்லாமல் திருப்பிக் கொடுத்ததில்லை.

அதற்கு அடுத்த மாதம் பஜாரில் மழைநீர்க் கால்வாய் வேலை வருகிறது, கடை வாசல்கள் எல்லாம் இடிபடும் என்று தெரிந்தது. பங்காருவின் மூன்றடியும் அதில் போய்விடும். புது வணிக வளாகத்தில் கைவினைஞர்களுக்கென்று சில சின்னக் கடைகள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குக் கைவினைஞர் அட்டை வேண்டும். அட்டைக்கு, 'இவர் இந்தத் தொழில் செய்பவர்தான்' என்று பதிவுபெற்ற கலை அமைப்பு ஒன்று சான்று தர வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே பதிவுபெற்ற கலை அமைப்பு நாங்கள்தான். விதியின் கருணையைப் பாருங்கள்!

பங்காரு மன்றத் தலைமையகத்துக்கு, அதாவது என் வீட்டு போர்டிகோவுக்கு வந்தார்.

"ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார். கடை கிடைக்கலன்னா குந்தறதுக்கு வேற எடம் இல்ல."

"போடறதுக்குத்தான் மன்றமே இருக்குது, பங்காரு. ஆனா எதை வச்சி போடறது? உன் பேர் போட்ட வேலை எதுனா கொண்டா."

"ஊரான் ஊட்டு அண்டாவுல என் பேர எப்படி சார் வெட்டிக்கறது?"

"அப்ப ஆதாரம் இல்லையே."

"அந்த மயிலு? மூணு நாளும் பக்கத்துலயே குந்திகினு இருந்தீங்களே!"

"அது சந்திரமோகன் பார்த்தது" என்று பொறுமையாக விளக்கினேன். "செயலாளர் பார்க்கலையே."

ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் அதே பொறுமையோடு விளக்கினேன். பொறுமை விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையே மன்றத்தின் முதல் விருதான 'எஃகுச் சிற்பச் செம்மல்' பட்டத்தை, துப்பாக்கியில் மயில் கண்ட கலைஞருக்கு வழங்குவது என்று முடிவாகியிருந்தது. விதி ஒன்பது தெளிவாக இருக்கிறது: 'படைப்பில் பொறிக்கப்பட்ட பெயரே படைப்பாளியின் பெயராகக் கொள்ளப்படும்.' நானே எழுதிய விதி. துப்பாக்கியில் இருந்த பெயர் வீராசாமி. விழாச் சாப்பாட்டுச் செலவை வடை பாயசத்துடன் ஏற்றுக்கொண்டவரும் வீராசாமிதான் என்பது தற்செயல்.

"வீராசாமி எப்பய்யா உளி புடிச்சாரு?" என்று கூட்டத்தில் துரைக்கண்ணு கேட்டார்.

"விதி ஒன்பது" என்றேன்.

"ஆங், அப்ப சரி. வழிமொழியறேன். இன்னா விதி அது?"

கிருத்திகை அன்று மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் விழா. துப்பாக்கியைக் கூட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் அதன் போட்டோவைப் பெரிதாக்கி மேடை அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம். தகட்டில் கட்டைவிரல் அளவு இருந்த மயில் அங்கே ஆறடி உயரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் 0321 என்று ஒவ்வொரு எண்ணும் ஒரு முழ உயரம். எண் கணித நிபுணர் முன்வரிசையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கேடயத்தில் 'எஃகுச் சிற்பச் செம்மல் வீராசாமி' என்று வெட்டிக் கொடுத்தது பங்காருதான். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு புள்ளி பிசகவில்லை. விழாவுக்கும் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். தன் வேலையை அத்தனை பெரிதாக அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். மேடையில் யார் பேசினார்கள் என்று கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

வீராசாமி ஏற்புரை ஆற்றினார். "இந்த மயிலு வெளியேர்ந்து வர்ல. ரொம்ப நாளா எனக்குள்ளயே ஆடிகினு இருந்தது" என்றார். கைதட்டல் நிற்க ஒரு நிமிடம் ஆனது. நான் சான்றிதழில் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன்.

கிருத்திகைக் கூட்டத்துக்காக பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் அனிதா, மண்டபத்துக்குள் தண்ணீர் குடிக்க வந்தார். தம்ளரை வாயருகே கொண்டுபோனவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"இது உங்க துப்பாக்கிதானே? தேர்தலப்போ நான்தான் வாங்கி வச்சேன்" என்று மேடைக்கு வந்து வீராசாமியிடம் கேட்டார். "ரெஜிஸ்டர்ல 20321ன்னு இருக்கு. முன்னாடி இருந்த ரெண்டு எங்கே?"

"அதாம்மா அந்த மயிலு!" என்றார் செம்மல் பூரிப்போடு.

"துப்பாக்கி நம்பர மாத்தறது குற்றம், தெரியுமா? யார் செஞ்சது?"

நிபுணர் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மறைந்தார். அனிதா கேடயத்தை வாங்கிப் படித்தார்.

"இதுல உங்க பேர்தான் போட்டிருக்கு. நீங்கதான் செஞ்சீங்களா?"

"நானா? எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாதும்மா!"

ஒரு கலைஞருக்கு உரிய அங்கீகாரம் எவ்வளவு வேகமாகக் கிடைக்க முடியும் என்பதை அன்றைக்கு உலகம் பார்த்தது. மேடையிலேயே அவசரக் கூட்டம். விதி ஒன்பது நிறுத்திவைக்கப்பட்டது. மயிலின் படைப்பாளி பங்காருவே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. துரைக்கண்ணு முதல்முறையாக, என்ன தீர்மானம் என்று தெரிந்தே வழிமொழிந்தார். நான் வீராசாமியின் தோளிலிருந்து பொன்னாடையை உருவிக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினேன்.

"பங்காரு அண்ணே, வாங்க, வாங்க! இங்கயா நின்னுகினு இருக்கீங்க? உங்களத்தான் தேடிகினு இருக்கோம்!"

பொன்னாடையைப் போர்த்தி மேடைக்கு அழைத்து வந்தேன். அனிதா அவர் பக்கம் திரும்பினார்.

"யோசிச்சி சொல்லுங்க. நீங்க செஞ்சதா? ஆமான்னா கேஸ்ல உங்க பேரு வரும்."

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். துப்பாக்கியில் அவர் பெயர் எங்கேயும் கிடையாது. அதில் இருப்பது வீராசாமியின் பெயர்தான். பங்காரு ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆங், நான்தாங்க பண்ணேன். வேற யாரும் அதுல கை வெக்கல."

எனக்கு அந்த நேரத்தில் கைதட்டத் தோன்றியது. அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

"யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"இவருதாங்க, மறைச்சிடு, எதுனா வந்தா நான் பாத்துக்கறேன்னாரு."

"மறைன்னுதான் சொன்னேன்னு வச்சிக்கங்கம்மா. துப்பாக்கியத் துடைச்சி மறைச்சி வைன்னு அர்த்தம்!" என்று வீராசாமி கத்தினார். "மயிலு அவனோட சொந்தக் கற்பனை!"

"சந்திரமோகன் சார் பக்கத்துலதாங்க இருந்தாரு. அவரையே கேளுங்க" என்றார் பங்காரு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீராசாமியும் பார்த்தார். மன்றத்தின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் அவர் புரவலராக இருக்கிறார்.

"பங்காரு உளி புடிச்சி வெட்டினத என் ரெண்டு கண்ணால பார்த்தேன் மேடம். மூணு நாளும் பார்த்தேன்" என்றேன்.

"இவர் சொன்னது?"

"அந்த நேரம் பார்த்து இட்லிப் பானையத் தட்டிப் பார்த்துகினு இருந்தேன். சத்தத்துல காதுல விழல."

பங்காரு கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"ஏழு வாட்டி வந்தப்ப, செயலாளர் பாக்கலன்னீங்க" என்றார். "இன்னிக்கு யாரு சார் பாத்தது?"

அது விவாதப் பொருளில் இல்லை என்று குறித்துக்கொண்டேன். அனிதா என்னிடம், பார்த்ததை வாக்குமூலமாக எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். பங்காருவின் பெயர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் கேட்டார்கள். 'உலோகத்தில் சித்திரம் செதுக்குபவர்' என்று ஒரு முத்திரை போட்ட காகிதத்தில் அவரைப் பற்றி முதன்முதலாக எழுதப்பட்டது. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுல ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமாங்க? அட்டைக்குக் கேட்டாங்க" என்றார்.

ஜெராக்ஸ் கிடைத்தது. அட்டை கிடைக்கவில்லை. வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கு ஒதுக்கீடு இல்லை. பங்காரு இப்போது வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்க்கொண்டு, மீதி நாட்களில் பைபாஸ் ஓரம் ஒரு வேப்பமரத்தடியில் குடத்தில் பெயர் வெட்டுகிறார். வீராசாமியும் ஒரே ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்வந்தார், கூடவே வக்கீலும் போனதால் வழக்கில் அவர் பெயர் வரவில்லை. எங்கள் மன்றம் கொடுத்த விருதைத் திரும்பப் பெற விதி இல்லை. அந்த விருதுச் சான்றிதழை வைத்து வீராசாமி கைவினைஞர் அட்டை வாங்கினார். அட்டையை வைத்துக் கடை வாங்கினார். அங்கே இப்போது அவருடைய மருமகன் செல்போன் கவர் விற்கிறார்.

ஆண்டறிக்கையில் இதை எங்கள் தலையாய சாதனையாகக் குறிப்பிட்டிருக்கிறேன். ஒரே மயிலுக்கு இரண்டு கலைஞர்களை அங்கீகரித்த அமைப்பு நாட்டிலேயே வேறு கிடையாது. விருதுச் சான்றிதழின்படி அதைச் செதுக்கியவர் வீராசாமி. போலீஸ் வாக்குமூலத்தின்படி அதைச் செதுக்கியவர் பங்காரு. இரண்டிலும் 'மேற்கண்டது உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. ஒரே நாள், ஒரே பேனா.