குழாய்க்குள் புகுந்த எதிரி

நம் நாட்டின் முதல் சைபர் தாக்குதலை ஊருக்கு அறிவித்தவள் நான்தான். அப்படியொரு தாக்குதல் நடக்கவில்லை என்பது மட்டுமே அதில் இருந்த குறை. மற்றபடி அறிவிப்பு நல்ல தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மூன்று தடவை வாசிக்கப்பட்டது.

இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் யாராவது கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, மின்சாரத்தையும் குடிநீரையும் எங்கோ இருந்து ஒருவன் கணினியால் நிறுத்திவிடலாம் என்று சொன்னால், வீட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடக் கடைசி, யுத்த காலம். நோன்பு மாதம், மாரி மழை. எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் சாச்சி வீட்டில் தங்கி ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டியிருந்தேன். (ஆறு மாதத்தில் இரண்டு மாதம் வகுப்பில் கரண்ட் இருக்கவில்லை. அது சான்றிதழில் எழுதப்படவில்லை.) அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் கல்முனையில் ஒரு சின்னக் குடிநீர் அலுவலகத்தில் வேலை எடுத்தேன். அங்கே புதிதாக ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. அதை எப்படித் திறப்பது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே என் நடையே மாறிப்போயிற்று.

கொம்பியூட்டரின் வேலை தண்ணீர் பில் அடிப்பது. அவ்வளவுதான். இணையம் இல்லை, தொலைபேசிக் கம்பிகூட அதற்குக் கொடுக்கப்படவில்லை. தண்ணீர் ஏற்றும் பம்பும் தொட்டியும் ஊருக்கு வெளியே வயற்கரையில் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் காரைதீவு நல்லதம்பி அண்ணன். கையால் திறந்து கையால் மூடுவார். அந்தப் பம்புக்கும் என் மேசையில் இருந்த பெட்டிக்கும் ஒரேயொரு தொடர்புதான்: இரண்டுக்கும் கரண்ட் பில் ஒரே அலுவலகம் கட்டியது.

இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் பத்திரிகைகள் அந்த மாதம் முழுக்க வேறு கதை எழுதிக்கொண்டிருந்தன. இரண்டாயிரம் பிறந்ததும் கொம்பியூட்டர்கள் குழம்பி விமானங்கள் விழும், மின்சாரம் நிற்கும், எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவன் படுக்கையில் இருந்தபடியே அணைக்கட்டைத் திறந்துவிட்டான் என்றெல்லாம். நான் ஒன்றையும் விடாமல் வெட்டி எடுத்து, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் அடுக்கினேன்.

எனக்கு அப்போது ஒரு பெரிய ஆபத்து தேவையாகவும் இருந்தது. காரணம் மாமா. உம்மாவின் மூத்த சகோதரர், அடுத்த வளவு, ஹாஜியார். நோன்பு மாதம் பிறந்தால் எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுகிய தெருவின், காவல் அவரிடம். போகிற வருகிற பிள்ளைகளை நிறுத்தி "நாக்க நீட்டு" என்பார். நாக்கு ஈரமாக இருந்தால் பிரசங்கம் தொடங்கும். அவர்தான் வாப்பாவிடம் வந்து சொன்னார்:

"மச்சான், பொம்புளப் புள்ளக்கி கந்தோரில என்ன வேல? அந்தப் பொட்டிய ஆரு தட்டினாலும் பில் வரும்தானே."

வாப்பா மாமாவை எதிர்த்து ஒரு சொல் கதைத்ததில்லை. "ஓம் மச்சான், பெருநாளோட நிப்பாட்டுவம்" என்றார். பெருநாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் நான் இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று காட்டியாக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி மசூர் சேர் அம்பாறையில் கூட்டத்துக்குப் போயிருந்தார். பில் கட்டும் யன்னலில் றஹீம் காக்கா மட்டும். நான் கொம்பியூட்டரைப் போட்டுவிட்டு, பத்திரிகையை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். பத்து நிமிடம் போயிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பில் சிவப்பு எழுத்து ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஊர்ந்து போனது. "ஐ ஆம் வோச்சிங் யூ." நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கதிரையைப் பின்னால் தள்ளினேன். அந்த நேரம் பார்த்து யன்னலில் ஒரு ராத்தா வந்து றஹீம் காக்காவிடம் சத்தம் போட்டார்: "என்ன தம்பி, எட்டு மணியில இருந்து பைப்பில தண்ணி இல்ல! நோன்பு துறக்க என்னத்தக் காய்ச்சிற?"

திரையில் எழுத்து. குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் எடுக்கவில்லை. எழும்பிப் போய்க் கொம்பியூட்டரின் வயரை இழுத்துப் பிடுங்கினேன்.

"காக்கா, நம்மட தண்ணியப் புடிச்சிட்டானுகள்!"

"ஆரு புள்ள?"

"ஹேக்கர்."

றஹீம் காக்கா கொஞ்சம் யோசித்தார். "அது எந்த இயக்கம்?"

விளங்கப்படுத்த நேரம் இல்லை. தண்ணீரை நிறுத்தத் தெரிந்தவனுக்கு அதில் நஞ்சு கலக்கத் தெரியாதா? (எப்படிக் கலப்பான், வயர் வழியாகவா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் கேட்கவில்லை.) கடதாசி எடுத்து எழுதினேன்: "எமது குடிநீர்த் திட்டம் கணினி வழியாக எதிரிகளால் கைப்பற்றப்பட்டுள்ளது. குழாய் நீரை எவரும் பாவிக்க வேண்டாம். இன்று விடிந்த பிறகு குழாய் நீர் அருந்தியவர்கள் உடனடியாக ஆசுபத்திரிக்குச் செல்லவும்." கீழே என் பெயரையும் பதவியையும் போட்டேன். பதவியை ஒரு படி உயர்த்தியும் போட்டேன். றஹீம் காக்கா அதைச் சட்டைப் பையில் வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார்.

சற்று நேரத்தில் மழைக்குள்ளால் அந்த அறிவிப்புக் கேட்டது. என் சொந்த வசனம், ஊர் முழுக்க. உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிடப் பெருமைதான் கூட இருந்தது. மாமாவும் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் என் கையில் இல்லை. ஒழுங்கை ஒழுங்கையாகப் பானை, குடம், தொட்டி எல்லாவற்றையும் வாசலில் கவிழ்த்தார்கள். கவிழ்த்த கையோடு அதே பானைகளைக் கூரைத் தண்ணீருக்கு வைத்தார்கள். "எதிரிகள்" என்ற சொல் சோதனைச் சாவடி வரைக்கும் கேட்டிருந்தது. ஜீப் வந்தது. பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் துவக்கைத் தோளில் மாட்டிய இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க எதிரி?"

நான் கொம்பியூட்டரைக் காட்டினேன். அவர் முன்னால் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

"இதுக்கு உள்ள?"

"உள்ள இல்ல சேர். தூரத்துல."

"எவ்வளவு தூரம்?"

"அமெரிக்காவா இரிக்கலாம்."

அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குள் தொலைபேசி அடித்தது. ஆசுபத்திரி. அறிவித்தல் எழுதிய ஆளை உடனே அனுப்பட்டுமாம். என்னையும் றஹீம் காக்காவையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆசுபத்திரி வாசலில்தான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது.

நோன்பு மாதம். பகல் பதினொரு மணி. விடிந்த பிறகு குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். சால்வையால் முகத்தை மூடியவர்கள், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவர்கள், ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தவர்கள். பெரிய கடை முதலாளி ஒருவர், பாடசாலை வாத்தியார் இருவர், நோன்பின் சிறப்பு பற்றிப் பேச்சுப் போட்டி நடத்தும் ஒருவர். பிரயாணிகளுக்கு நோன்பை விட அனுமதி உண்டு. அன்று கல்முனையில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் திடீரென்று பிரயாணிகளாகியிருந்தார்கள்.

டொக்டர் அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தினார். களைத்துப்போயிருந்தார்.

"தங்கச்சி, தண்ணிக்குள்ள என்ன கலந்திருக்கு? தெரிஞ்சாத்தான் நான் மருந்து குடுக்கலாம்."

"வைரஸ், டொக்டர்."

பேனையைக் கீழே வைத்தார். "என்ன வைரஸ்? கண் மஞ்சளாகுற செங்கமாரியா?"

"கொம்பியூட்டர் வைரஸ்."

"அது மனிசருக்குத் தொத்துமா?"

இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன் அறையில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்குகிறதே! "இன்னும் கண்டுபுடிக்கல்ல" என்றேன்.

டொக்டர் அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, தலையில் துவாய் போட்ட ஒருவர் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். துவாய்க்குக் கீழே இருந்த தாடியை எனக்குத் தெரியும்.

மாமா.

அவர் என்னைக் காணவில்லை. நான் மேசைக்குக் கீழே போக இடமிருக்கிறதா என்று பார்த்தேன்.

"தண்ணி குடிச்சீங்களா, ஹாஜியார்?"

"சேச்சே! நோன்போட இரிக்கிற மனிசன் நான். தொழுகைக்கு வுளூச் செய்யக்குள்ள வாய் கொப்பளிச்ச. அதுல ஒரு துளி தவறி உள்ள போயிட்டு."

"ஒரு துளி எண்டாப் பயம் இல்ல. வீட்ட போங்க."

மாமா எழும்பவில்லை. உயிர்ப்பயம். கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "துளி எண்டு சொல்லேலா டொக்டர். ஒரு கோப்ப வரும்."

"ஒரு கோப்பையா?"

"ரெண்டு."

டொக்டர் அம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "பச்சத் தண்ணியா, கொதிச்ச தண்ணியா?"

"கொதிச்சது."

"கொதிச்ச தண்ணியிலயா வாய் கொப்பளிச்சீங்க?"

"தேயில போட்டிருந்திச்சி" என்றார் மாமா. அதோடு நிற்காமல், சிகிச்சைக்கு உதவும் என்று நினைத்தாரோ என்னவோ, "பாலும் போட்ட" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற றஹீம் காக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமா திரும்பினார். முதலில் றஹீம் காக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமாவும் நானும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

மாமா இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அந்தப் பால் ரகசியமாவது தப்பியிருக்கும். ஏனென்றால் அப்போதுதான் மசூர் சேர் அம்பாறை பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக ஓடிவந்தார். கூடவே, சேறு பூசிய காற்சட்டையோடு நல்லதம்பி அண்ணன்.

"என்ன புள்ள இது? ஆரு தண்ணியப் புடிச்ச?"

"சேர், திரையில எழுத்து ஓடிச்சி. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் எண்டு..."

மசூர் சேரின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "அது நான் போடச் சொன்ன."

"நீங்களா?"

"நேத்து நீ போன பொறகு கொம்பியூட்டர் திருத்துற பொடியன் வந்தான். நீ வேலய விட்டுப்போட்டு அதுல சீட்டு வெளயாடுற எண்டு றஹீம் காக்கா சொன்னவர். சும்மா வெருட்டத்தான் அந்த வசனம். கொஞ்ச நேரம் ஆரும் தொடாட்டி அது தன்ட பாட்டுல ஓடும்."

வரிசையில் நின்றவர்கள் கிட்ட வரத் தொடங்கினார்கள். சார்ஜன்டும் வந்து நின்றார். எனக்கு ஒரேயொரு பிடி மிச்சமிருந்தது.

"அப்ப தண்ணி ஏன் நிண்ட?"

நல்லதம்பி அண்ணன் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். நல்ல மனிதர். சொல்ல அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது.

"தொட்டி கழுவினனான், தங்கச்சி. புதன்கிழமை தண்ணி நிக்கும் எண்டு எழுதி, அடிச்சு ஒட்டச் சொல்லி வெள்ளிக்கிழமையே உங்களிட்டத் தந்தனே."

தந்திருந்தார். அந்தக் கடதாசி லாச்சிக்குள், அணைக்கட்டைத் திறந்தவனின் செய்திக்குக் கீழே கிடந்தது.

அன்று நோன்பு துறக்க முன்னர் ஒலிபெருக்கியில் இரண்டாவது அறிவித்தல் வாசிக்கப்பட்டது. அதையும் நான்தான் எழுதினேன். இந்தமுறை பெயரும் இல்லை, பதவியும் இல்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று மட்டும் இருந்தது. மசூர் சேர் என்னை வேலையால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும். எழுதினால் அந்த வசனத்தைப் போடச் சொன்னது யார் என்றும் எழுத வேண்டும். தவிரவும், வயரைத் திருப்பிக் கொழுவி அந்தப் பெட்டியைத் திறக்க வேறு ஆள் இல்லை.

பெருநாள் வந்தது. வாப்பா தயங்கித் தயங்கி மாமாவிடம் கேட்டார்: "மச்சான், புள்ளட வேலயப் பத்தி..."

"அது அவட விருப்பம்" என்று சொல்லிவிட்டு மாமா வேறு பக்கம் பார்த்தார். அந்த ஒழுங்கையில் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் நாக்கை நீட்டவில்லை. நான் அந்த அலுவலகத்தில் இன்னும் பதினொரு வருடம் பில் அடித்தேன்.

மாமாவை மன்னிக்காத ஒரே ஆள் மாமிதான். அந்த இரண்டு கோப்பையையும் போட்டுக் கொடுத்தவர் யார் என்று அவர் விசாரித்ததும், அது பஸ் நிலையத்துப் பக்கம், நோன்புப் பகலில் ஒளித்து வியாபாரம் செய்யும் ஒரு பின்கதவுக் கடை என்று தெரியவந்ததும் தனிக் கதை. அன்றிலிருந்து அவர் வாயில் தேத்தண்ணி என்ற சொல் வருவதில்லை. "ஒரு கொப்பளிப்பு ஊத்தவா?" என்றுதான் கேட்பார். மெல்ல மெல்லக் குடும்பம் முழுக்க அப்படியே பழகிவிட்டது.

போன வருடம் மாமாவின் பேரனுக்குச் சம்மாந்துறையில் பெண் எடுத்தோம். புதுப்பெண் முதல்நாள் வந்து இருக்கிறாள். மாமி, "மகள், ஒரு கொப்பளிப்பு குடிக்கிறீங்களா?" என்று கோப்பையைக் கையில் கொடுத்தார். பெண் பாவம், இந்த வீட்டு வழக்கம் இதுதான் போல என்று நினைத்து, ஒரு வாய் எடுத்து, கன்னம் இரண்டும் உப்பியபடி பின்வாசலுக்கு நடந்தாள். நாங்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தோம். எண்பது வயது மாமாதான் பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பி ஓடினார்.

"துப்பிராத மகள்! அது உள்ள போறதுக்குத்தான்!"