ஆறு மணி அண்ணை

கனடாவுக்கு வந்த தமிழர்களிலேயே அழைப்பிதழை முழுவதுமாக நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பாஸ்போட்டில், அதுவும் பிரிட்டிஷ் பாஸ்போட்டில், அழகாக அச்சடித்தும் இருந்தது. ஆனால் அஜின்கோர்ட்டில் எங்கள் வீதி முழுக்க அவர் ஆறு மணி அண்ணைதான்.

அண்ணையும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போய், அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் கட்டியவர்கள். அக்காவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைக்க, இருவரும் எங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு வந்து இறங்கினார்கள். லண்டனில் ரயில் நிலைய மேற்பார்வையாளராக இருந்த அண்ணை இங்கே புதிதாக வேலை தேடவேண்டும். ஸ்நோ கரைவதற்குள் அது அமையாவிட்டால் இருவரும் லண்டனுக்கே திரும்புவது என்று விமானம் ஏறுமுன்பே பேசி வைத்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். ஆனால் சனிக்கிழமைகளில் அண்ணைக்குத் தெரியாமல் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வீடு பார்க்கப் போய் வருவார். கூடப் போனவள் நான்.

அவர்கள் வந்த புதிதில் எங்கள் வீட்டில் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள். மாலை ஆறு மணி என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. தலையில் துவாயும் கையில் வடை மாவுமாக அம்மா கதவைத் திறந்தார். கீழே குடியிருப்பவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, கோட்டு சூட்டோடும் பூங்கொத்தோடும் நின்றார்கள்.

"அன்ரி, நேரத்துக்கு வந்திட்டமோ?"

"நீங்கள் வந்திட்டீங்கள் தம்பி. நாங்கள்தான் இன்னும் வரேல்லை."

அப்பா குளியலறையில் இருந்தார். அண்ணை பலூன் ஊதினார், கதிரை அடுக்கினார். சனம் வரத் தொடங்கியபோது வாசலில் நின்று வரவேற்றவரும் அவரே. பாதிப் பேர் அவர்தான் பிறந்தநாள்காரர் என்று நினைத்து, அறுபது என்று சொல்லவே முடியாது என்று கைகுலுக்கிப் பரிசையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் நான் அவருக்கு நாட்டு நடப்பை விளக்கினேன்.

"அண்ணை, ஆறு மணி எண்டால் இஞ்ச எட்டரை."

"அப்ப எட்டரை எண்டே சொல்லலாமே, தங்கச்சி?"

"எட்டரை எண்டு சொன்னால் சனம் பதினொண்டுக்கு வரும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மூண்டரை எண்டு சொல்லுங்கோ. ஆறு மணிக்கு வருவினம்."

இப்படிப்பட்ட மனிதரைத் திருத்த முடியுமா? எங்கள் சொந்தக்காரர்கள் திருத்தவில்லை, பயன்படுத்திக்கொண்டார்கள். எந்தக் கொண்டாட்டம் என்றாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான். ஒருமுறை ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். அண்ணையும் அக்காவும் போனபோது வீட்டில் ஐயர் மட்டும் இருந்தார். வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஹைவேயில், ஸ்நோவில் மாட்டுப்பட்டு நின்றார். அண்ணை முதலில் வாசலில் குவிந்திருந்த ஸ்நோவை வழித்தார். உள்ளே ஐயர் பதறிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் முடியப் போகுது. ஆரெண்டாலும் ஒரு புருஷன் பெண்சாதி இருந்தால் காணும். வாங்கோ, பாலைக் காய்ச்சுங்கோ."

நேரம் முடியப் போகிறது என்று யாராவது சொன்னால் அண்ணையால் சும்மா நிற்க முடியாது. வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது அவருடைய புது அடுப்பில் அவருடைய புதுப் பானை பொங்கி, பிரசாதமும் கொடுத்து முடிந்திருந்தது. அவர் கோபிக்கவில்லை.

"பால் காய்ச்சினவர்தானே, அண்ணை, வீட்டு மோட்கேஜும் கட்டவேணும்" என்றார்.

அவரோடேயே வந்து சேர்ந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் அந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை வேலைக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தன. வீதியோரத்து ஸ்நோ கறுத்து உருகத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் மார்க்கத்தில் ஒரு கலியாண வரவேற்பு. அழைப்பிதழ்ப்படி அண்ணை போய் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் இல்லை, பெண் வீட்டாரும் இல்லை. கேக் வந்தது, பூ வந்தது, பாட்டுப் பெட்டிகள் வந்தன. எங்கே வைப்பது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தின் முதலாளியம்மா கிட்ட வந்தார்.

"நீங்கள் மாப்பிள்ளை பகுதியோ, பொம்பிளை பகுதியோ?"

"நான் விருந்தாளி."

"விருந்தாளி ஏன் இப்ப வந்தனீங்கள்?"

அண்ணை அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா அதை அல்ல, அவரைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஒரு மனேஜர் வேணும். திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்கோ."

திங்கட்கிழமை அக்கா காரை ஓட்ட, வழி காட்டுகிறேன் என்று நானும் பின்சீற்றில் ஏறிக்கொண்டேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான். பத்து மணிக்கு மண்டபம் பூட்டிக் கிடந்தது. பத்தரைக்கும் அப்படியே. பதினொரு மணிக்கு, வாசலில் நின்ற அண்ணை திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"நேரத்துக்கு வராத ஆளிட்ட நான் எப்பிடி வேலை செய்யிறது? எடும் காரை."

அக்கா ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நீங்கள் ஏறினால் நான் எடுக்க மாட்டன்."

"ஏன்?"

"எனக்கு லண்டனுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையப்பா. எனக்கு இஞ்ச பிடிச்சிருக்கு."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். காருக்குள் குளிர் புகுந்துகொண்டிருந்தது. எனக்கு முதல்முறையாக வேடிக்கை பார்க்க வந்ததற்கு வெட்கமாக இருந்தது. அண்ணை கதவை மெல்லச் சாத்திவிட்டு மண்டபத்து வாசலுக்கே நடந்தார். காதெல்லாம் சிவந்து, கைகளைத் தேய்த்தபடி நின்றார்.

முதலாளியம்மா வந்தபோது மதியம் ஆகிவிட்டது. கையில் கோப்பி, முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"கன நேரமா நிக்கிறீங்களோ?"

அக்கா கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"இல்லை" என்றார் அண்ணை. "இப்பத்தான் வந்தனான்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. அதைவிட அழகாக யாரும் யாரிடமும் காதல் சொல்லி நான் கேட்டதில்லை.