நாற்பத்தோராவது ஆள்

நாற்பத்தோராவது ஆளுக்குப் பெயர் வைக்கும்போதுதான் நெவிலுக்குக் கற்பனை தீர்ந்துபோனது.

ஹன்னா ஓடைக் குடிலின் மேசைமேல் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. மலையேறி வருகிறவர்கள் பெயரையும் தேதியையும் அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வருடம் எழுதியவர்கள் பத்தொன்பதே பேர். அறுபது பேராவது வராத குடில்களைப் பிரித்து எடுத்துவிடப் போவதாக தலைநகர் வெலிங்டனிலிருந்து வனத் துறை ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. மிகவும் மரியாதையான கடிதம். குடில் போனால் ஆற்றின் மேலிருக்கும் தொங்குபாலமும் போய்விடும். பாலம் போனால் ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்குக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஹெலிகாப்டரில் வந்து இறங்கி மான் சுடுகிற பணக்காரர்களுக்குத்தான் அது மிஞ்சும்.

பணமெல்லாம் பனியாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே சுற்றுலாப் பேருந்துகள் நிற்பதற்கு மைதானம் போல ஓர் இடம், கண்ணாடித் தடுப்பு போட்ட பார்வை மேடை, அதன் பக்கத்தில் காப்பிக் கடை என்று நாற்பது லட்சம் டாலர் இறங்கியிருந்தது. "நடந்து போற இடத்துக்கு அரசாங்கம் நடந்து வராது" என்று நெவில் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் ஒருவரும் அந்த வருடம் குடில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நெவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் முப்பத்திரண்டு பிள்ளைகளின் கூச்சலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் மலையில்தான் கிடப்பார். அந்த நாட்களில் ஊரில் கல்யாணமா கலவரமா என்றுகூட அவருக்குத் தெரியாது. குடில் வாசலில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து எழுந்தால்தான் திங்கட்கிழமை மறுபடி வண்டியில் ஏற மனசு வரும். அது இல்லாமல் போனால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான்கு நிறப் பேனாக்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். முதல் நாற்பது பேர் சிரமமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். பழைய ரக்பி அணி ஒன்று முழுசாக வந்தது. மனைவி வழி அத்தைமார் எல்லோரும் முழங்கால் வலியை மறந்து மலையேறினார்கள். கடைசி ஆளுக்கு என்ன பெயர் என்று அரை மணி நேரம் யோசித்து, 'ஹொரேஸ் பிம்' என்று எழுதினார். எழுதியதும் அந்த மனிதர்மேல் அவருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. அத்தைமாரின் முழங்கால் வலியை எடுத்து இவருக்குக் கொடுத்தார்.

'தனியாக வந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. இரண்டு நாளைக்குச் சாப்பாடு இருக்கிறது. நாளை மேல் குடில். பிறகு கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்குவேன்.'

படித்துப் பார்த்தார். பட்டியலுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. திருப்தியாக மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. ஊர்க் கான்ஸ்டபிள் தாமத்தி.

"நெவில், எந்திரிச்சாச்சா? ஒரு ஆளக் காணோம்."

"யாரு?"

"ஹொரேஸ் பிம்."

நெவில் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

"என்ன சத்தம்?"

"பூனை."

"உங்க வீட்டுல பூனை கிடையாதே. சரி, அத விடுங்க. வியாழக்கிழமை மான் பாக்க ஹன்னா ஓடைப் பக்கம் போயிருந்தேன். பதிவேட்டப் புரட்டினேன். மனுஷன் முழங்கால் வலியோட தனியாப் போயிருக்காரு. ரெண்டு நாள் சாப்பாடு, ஆறு நாளாச்சு. அந்தப் பக்கம் இறங்கவே இல்ல. பள்ளத்தாக்கு உங்களுக்குத்தான் அத்துப்படி. எட்டு மணிக்கு ஊர்க் கூடத்துக்கு வந்துருங்க."

நெவில் உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினார். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் பதிவேடு அரசாங்கத்துடையது. அதில் பொய் எழுதியவனை நம்பி யார் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றுவார்கள்? போதாக்குறைக்கு, திங்கட்கிழமை துறை அதிகாரி பதிவேட்டை எடுத்துப்போக வருகிறார். இன்றைக்கு வாயைத் திறந்தால் குடிலும் போச்சு, வேலையும் போச்சு.

ஊர்க் கூடத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். தின்பண்டக் கடை பெர்ல் மலைபோல் குவித்திருந்த ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எல்லோர் முகத்திலும் ஒரு கலகலப்பு. மலையில் ஒருவர் செத்துக் கிடக்கலாம் என்கிறபோது இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று நெவிலுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மெதுவாக நழுவி, தபாலாபீஸ் வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்தார். கம்பளிக் கையுறையைக் கழற்றி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு கான்ஸ்டபிளின் எண்ணைச் சுழற்றினார்.

"நான் ஹொரேஸ் பிம் பேசறேன். பத்திரமா வீட்டுக்கு வந்துட்டேன். யாரும் தேட வேணாம்."

மறுமுனையில் தாமத்தி காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம். எந்த ஊர்ல உங்க வீடு?"

நெவில் அவருக்கு ஊர் எதுவும் வைத்திருக்கவில்லை.

"தூரம்," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

அவர் திரும்பி வந்தபோது தாமத்தி ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாரும் கேளுங்க. இப்ப ஒரு ஃபோன் வந்துச்சு. பேசினவரு தன்னை பிம்னு சொல்லிக்கிட்டாரு. குரல் அப்படி நடுங்குது. சொந்த ஊரு எதுன்னு அவருக்கே தெரியல. எனக்கென்னமோ யாரோ அவரு கழுத்துல கத்தி வச்சுப் பேச வச்ச மாதிரி இருக்கு. அதனால பக்கத்து ஊர்லேருந்தும் ஆள் வரச் சொல்லியாச்சு. இன்னும் இருபத்து நாலு பேர்."

ஐந்து நிமிடத்துக்கு முன்பு காணாமல் போன ஆள், இப்போது கடத்தப்பட்ட ஆள். இன்னொரு ஃபோன் செய்தால் கொலையே ஆகிவிடும் என்று நெவில் பையைத் தூக்கிக்கொண்டார்.

ஹன்னா ஓடைக் குடிலுக்குப் போனதும் தாமத்தி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினான்.

"ஒவ்வொருத்தரும் பதிவேட்டுல எழுதிட்டுத்தான் மேல போகணும். முழுப் பேரு, தெளிவா. உள்ள யாரு இருக்காங்கன்னு எனக்குக் கணக்கு வேணும்."

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்த நெவில், பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்ததும் அந்த ஆசையை விட்டார். அவர்தான் வரிசையில் முதல் ஆள். நேர் மேலே ஹொரேஸ் பிம். வலது கையால் எழுதினால் இரண்டும் ஒரே கையெழுத்து என்பது கண் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். பேனாவை இடது கைக்கு மாற்றினார். கோழி கிளறியதுபோல் ஒரு பெயர் வந்தது.

"என்ன நெவில், வலது கைக்கு என்னாச்சு?" என்று பின்னால் நின்ற நர்ஸம்மா கேட்டாள்.

"சுளுக்கு."

"முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அவள் அவரை உட்கார வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டுவிட்டாள். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். கசாப்புக் கடைக்காரர் அவருடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். நெவிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

நெவில், நர்ஸம்மா, கசாப்புக் கடைக்காரர் மூவரும் ஒரு குழு. மேல் குடில் இரண்டு மணி நேர ஏற்றம். ஏறும்போது நெவில் ஒரு வழி கண்டுபிடித்தார். மேல் குடிலிலும் பதிவேடு உண்டு. 'வலி சரியாகிவிட்டது, வேறு வழியாக வீட்டுக்குத் திரும்புகிறேன்' என்று பிம் பெயரில் ஒரு வரி எழுதிவிட்டால் தேடல் முடிந்துவிடும். "நான் முன்னாடி போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக ஏறினார். குடிலுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். பல்லால் கட்டை அவிழ்த்தார். பதிவேட்டைத் திறந்தார்.

'ஹொரேஸ் பிம். முழங்கால் வீங்கிவிட்டது. மழை வரும் போலிருக்கிறது. யாராவது வந்தால் தேவலை.'

அது அவர் எழுதியதல்ல. நீல மையில் சாய்வான, அழகான எழுத்து.

நெவில் அந்த வரிகளை மறுபடி படித்தார். திரும்பிப் பார்த்தார். படுக்கைப் பலகையின்மேல் ஒற்றைக் கம்பளிக் காலுறை கிடந்தது. தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை. தான் பேனாவால் உண்டாக்கிய ஒரு மனிதன் நொண்டிக்கொண்டே இந்த மலையில் தனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பெயர் வைத்தது தான்தான். வலி கொடுத்ததும் தான்தான். சாப்பாட்டை இரண்டு நாளைக்கு மட்டும் கொடுத்ததும் தான்தான். அவனைப் பார்க்க நேர்ந்தால் என்ன பதில் சொல்வது?

மற்ற இருவரும் வந்து படித்தார்கள்.

"பாத்தீங்களா, ஆளு உயிரோடதான் இருக்காரு," என்றார் கசாப்புக் கடைக்காரர்.

"அதுதான் எனக்கு பயமா இருக்கு," என்றார் நெவில்.

வெளியே வந்து நூறு அடி ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மேற்குக் கடற்கரைப் பக்கத்து மழைக்குத் தூறல் என்று ஒரு தொடக்கம் கிடையாது. நர்ஸம்மாவின் வயர்லெஸ் கரகரத்தது. கீழே ஆற்றங்கரையிலிருந்து இன்னொரு குழு பேசியது.

"இங்க தண்ணி ஏறுது. இடுப்பு வரைக்கும் வந்துடும் போல. பாலத்துக்குத் திரும்பிப் போனா நேரமாயிடும், கயிறு கட்டி அந்தக் கரைக்குப் போகப் போறோம்."

நெவில் நின்றுவிட்டார். ஆற்றைக் கடக்கும் அந்த இடம் அவருக்குத் தெரியும். மழையில் அடியில் பாறைகள் உருளும்; காலைப் பிடித்தால் விடாது. அந்தக் குழுவில் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் பால்பல் விழுந்த காலத்தில் அவருடைய பேருந்தில் வந்தவர்கள். குடில், வேலை, ஜெயில் எல்லாம் அந்த நிமிடத்தில் அவர் மனதைவிட்டுப் போயின. வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார்.

"யாரும் தண்ணில இறங்காதீங்க. ஹொரேஸ் பிம்னு ஒருத்தரு இல்லவே இல்ல. நான்தான் எழுதினேன். நாப்பத்தோரு பேரும் நான் எழுதினதுதான். ஃபோன் பண்ணினது நான். சுளுக்கும் பொய். என்னை என்ன வேணா பண்ணுங்க, ஆத்துல மட்டும் இறங்காதீங்க."

நர்ஸம்மாவும் கசாப்புக் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வயர்லெஸ்ஸில் தாமத்தியின் குரல் வந்தது.

"கேட்டுச்சு நெவில். ஆத்துக் குழு, கரையிலயே நில்லுங்க."

நெவில் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. ஜெயிலானாலும் சரி, யாரும் சாகவில்லை.

அப்போது இருபதடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா? என் பேரு ஹொரேஸ் பிம். முழங்கால அசைக்க முடியல."

அதற்குப் பிறகு நடந்தது நெவிலுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது அவர் ஸ்ட்ரெச்சரில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு காலில் உறையில்லாமல், நரைத்த மீசையோடு, ஹொரேஸ் பிம் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். கொஞ்சமும் நொண்டவில்லை.

"டீ இருக்கு, குடிக்கிறீங்களா? ரொம்ப வெளுத்துப் போயிட்டீங்க," என்றார் பிம்.

நெவில் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஹன்னா ஓடைக் குடிலுக்குள் நிற்க இடமில்லை. அடுப்பு எரிந்தது. ஆற்றுக் குழு எட்டுப் பேரும் உலர்ந்த கால்களோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். தாமத்தி பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். நெவில் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினார்.

"விலங்கு போட்டுடு தாமத்தி."

"இருங்க, எண்ணிக்கை விட்டுப்போகுது. நாப்பத்து மூணு, நாப்பத்து நாலு. பத்தொம்போதோட சேத்தா அறுபத்து மூணு. எல்லாம் நிஜ ஆளு. திங்கக்கிழமை துறைக்காரரு வந்து தாராளமா எண்ணிப் பாக்கட்டும்."

அளவுகோல் ஒன்றை எடுத்து, ரக்பி அணி, அத்தைமார், பிம் என்று நாற்பத்தோரு பேரையும் நேர்கோடு போட்டு அடித்தான். பேனாவை மூடிவிட்டு, மழை விட்டதா என்று பார்க்க வெளியே போனான்.

நெவிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்போரம் பிம் தன் வெறுங்காலை அனலில் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல், நெவில் ரொட்டி பரிமாறிக்கொண்டிருந்த பெர்லின் கையைப் பிடித்தார்.

"பெர்ல், அந்த ஆளு யாரு? உண்மையச் சொல்லு. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

பெர்ல் அவர் கையில் ஒரு ரொட்டியை வைத்தாள்.

"என் மச்சான்ப்பா. வருஷா வருஷம் தேடுதல் பயிற்சியில காணாமப் போறவரு அவருதான். எப்பவும் ஊர் மைதானத்துக்குப் பின்னால புதர்ல கிடப்பாரு, இந்த வருஷம் பேரு, முழங்கால், வழின்னு எல்லாத்தையும் நீயே உன் கையெழுத்துல எழுதி வச்சிட்டியேன்னு தாமத்தி நாப்பத்து நாலு பேரையும் இங்க ஓட்டிட்டு வந்துட்டான்."