நாலு கிலோமீட்டர் பாசம்

மாமியாரிடமிருந்து தப்பிக்க நினைத்தால் சிங்கப்பூரில் ஒருவன் எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்? ஜூரோங்கிலிருந்து பாசிர் ரிஸ் வரை. அதற்கு மேல் ஓடினால் கடலில்தான் விழ வேண்டும்.

கல்யாணமானதிலிருந்து நான் ஜூரோங்கில் மாமியார் வீட்டில் குடியிருந்தேன். என் உடம்பின் மேல் அவருக்கு அபார அக்கறை. தினமும் ஏதேதோ வேர்களைக் கொதிக்க வைத்து, கன்னங்கரேலென்று ஒரு சூப் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து, அது என் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சொந்தமாக வீடு வாங்கும் வேளை வந்தது. பெற்றோர் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் வாங்கினால் அரசாங்கம் மானியம் தருகிறது. புருஷனின் பெற்றோரா, பெண்டாட்டியின் பெற்றோரா என்று பார்ப்பதில்லை. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. என்னைப் பெற்றவர்கள் இருப்பது பாசிர் ரிஸ்ஸில்!

மனைவி ஹுய் ஷானிடம் கண்ணீரோடு பேச்சைத் தொடங்கினேன். கண்ணீருக்கு, சாப்பாட்டில் இருந்த சம்பல் மிளகாய் விழுது உதவியது.

"ஷான், எங்கம்மாவுக்கு வயசாகுது."

"எல்லாருக்கும்தான் ஆகுது. உனக்கு முடி கொட்டல?"

"வயசான காலத்துல பெத்தவங்களைத் தனியா விடலாமா? கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளைங்க ஓடி வர வேணாமா?"

"புத்தாண்டுக்கு அப்புறம் நீ அவங்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணல லா."

"அதான் மனசைப் போட்டு அறுக்குது!"

அவள் என்னையே பார்த்தாள். "சரி, உங்கம்மா இருக்குற அடுக்குமாடி புளோக்குலயே வாங்கிடலாம்" என்றாள்.

சண்டையே போடாமல் மனைவி சம்மதித்தால் பயப்பட வேண்டும். நான் பெருமைப்பட்டேன். மடையன்.

புதுமனை புகும் நாள். எங்கள் சீன வழக்கப்படி நல்ல நேரம் பார்த்து, வாசலில் குனிந்து, வீட்டுக்குள் அன்னாசிப்பழத்தை உருட்டினேன். "ஹுவாட் ஆ!" என்று அதிர்ஷ்டத்தைக் கூவி அழைத்தேன்.

"ஹுவாட் ஆ!" என்று என் முதுகுக்குப் பின்னாலும் ஒரு குரல் கேட்டது. என் குரலைவிட இரண்டு மடங்கு கனம்.

திரும்பினேன். எதிர் வீட்டுக்குள் ஒரு அன்னாசிப்பழம் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் குனிந்து நின்றவர் என் மாமியார்.

"மா! யார் வீட்டுக்குப் பழம் உருட்டுறீங்க?"

"என் வீட்டுக்குத்தான், ஆ லெங்! பிள்ளைங்களுக்குப் பக்கத்துல வீடு வாங்குற பெத்தவங்களுக்கும் மானியம் உண்டு, தெரியாதா?"

தெரியாது. என் மூளை பாதி வழியிலேயே வேலையை நிறுத்தியிருந்தது.

"அப்ப ஜூரோங் வீடு?"

"வித்தாச்சு. பெத்தவங்களைத் தனியா விடக் கூடாதுன்னு நீ கண்ணுல தண்ணி விட்டியாமே! ஷான் சொன்னா. கேட்டு நானும் அழுதுட்டேன். மறுநாளே ஏஜெண்டைக் கூப்பிட்டேன்."

எனக்கு இப்போது சம்பல் தேவைப்படவில்லை. மனைவி பக்கம் திரும்பினேன்.

"அரசாங்கத்துல நாலு கிலோமீட்டர்னுதானே சொன்னாங்க, ஷான்? இது நாலு அடி!"

"நாலு கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க லா. கிட்ட வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"ரொம்ப சந்தோஷம். நம்ம வீட்டுச் சாவியையாவது குடு. உள்ள போய்க் கதவைப் பூட்டிக்கிறேன்."

"எங்கம்மாகிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்கோ."