பனிமலையை உடைத்துப் போட்டுப் படுத்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜன் அண்ணாவின் பனிமலையை உடைத்தது நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, வருத்தப்படப் போவதுமில்லை. அதே கொடைக்கானலும் அதே ராத்திரியும் அதே மலையும் மறுபடி கிடைத்தால் மறுபடியும் உடைப்பேன். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் சின்னத் துண்டுகளாக, படுக்க வாட்டமாக.

தாம்பரத்துக்காரிக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஏன், எங்களுக்கும் குளிர்காலம் உண்டு. மார்கழி பிறந்தால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்குவோம். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் மங்கி கேப் மாட்டிக்கொண்டு, மூக்கு மட்டும் வெளியே தெரிய, எல்லைக் காவலுக்குப் போகிற தோரணையில் போவார்கள். அந்தப் படைக்குத் தளபதி என் அப்பா. ரயில்வேயில் கிளார்க். பைலில் கையெழுத்துப் போடும்போதுகூட அவர் தலையில் மங்கி கேப் இருக்கும். (அலுவலகத்தில் ஏசி கிடையாது. ஜன்னல் இருந்ததாம்.)

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. மழை பெய்தால் நெஞ்சு விசிலடிக்கும். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். ஏழாம் வகுப்போடு எனக்கு அது போய்விட்டது. அப்பாவுக்குத்தான் போகவில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, நான் வேலை பார்த்த ஆடிட் அலுவலகம் என்னை டில்லிக்கு வரச் சொன்னது. பெரிய பதவி, தனி மேஜை, தனி நாற்காலி. நான் குதித்தேன். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"டில்லியில ஜனவரி மாசம் எப்படி இருக்கும் தெரியுமா? வாயத் தொறந்தா பொகை வரும்."

"வரட்டும்ப்பா. நான் வாய மூடிக்கறேன்."

"யாரு, நீயா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "பொங்கல் லீவுல உங்க சர்ச் வாலிபர் முகாம் கொடைக்கானல்லதான? டென்ட்லதான தங்கறீங்க? போயிட்டு வா. இருமல், தும்மல், தொண்டைக்கட்டு ஒண்ணுமில்லாம தாம்பரத்துல வந்து எறங்கு. டில்லிக்கு நானே டிக்கெட் எடுக்கறேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். சரியா எஸ்தர்?"

சரி என்றேன். கொடைக்கானல் என்ன பெரிய கொம்பா என்று நினைத்தேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் என் படையைத் திரட்டினேன். ஆறடி ஆளுக்குப் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று, அதற்கு மேல் போட அதைவிடப் பெரிது ஒன்று, மிலிட்டரி கம்பளிகள் நாலு, இரண்டு வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்த கையுறைகள். கம்பளிக்காரருக்கே என்னைப் பார்த்துப் பரிதாபமாகிவிட்டது.

"இன்னாமா, காஷ்மீருக்கா போற?"

"கொடைக்கானலுக்கு."

"அதுக்கு இன்னாத்துக்குமா நாலு? ஒண்ணு போதும். நாலையும் மேல போட்டா மூச்சு முட்டிக்கினு பேஜாராப் பூடும்."

விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நாலையும் மேலே போர்த்திக்கொள்வது என்பது என் திட்டம். கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் பாய். இங்கேதான் என் மூளை வேலை செய்யவில்லை என்று இன்றுவரை சிரிக்கிறார்கள். நான் கேட்கிறேன், எப்படி வேலை செய்யும்? சித்திரை வெயிலில் தலையணையைக்கூடத் தள்ளிவிட்டு மொசைக் தரையில் கன்னத்தைப் பதித்துத் தூங்கி வளர்ந்த உடம்பு இது. தரை எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அவனே ஒரு நாள் கழுத்தை அறுப்பான் என்று யார் கண்டது?

கிளம்புகிற அன்று விடிகாலையில் பை மூடவில்லை. அதனால் என்ன? அடங்காத துணியையெல்லாம் உடம்பில் மாட்டிக்கொண்டேன். இரண்டு சுடிதார், இரண்டு ஸ்வெட்டர், அப்பா கொடுத்த மங்கி கேப். சர்ச் வாசலில் நின்ற பஸ்ஸில் பக்கவாட்டாகத்தான் ஏற முடிந்தது.

கடைசி சீட்டு முழுக்க ஒரு மலை உட்கார்ந்திருந்தது. ராஜன் அண்ணாவின் மலை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் அவர், எங்கள் வாலிபர் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். முகாமின் இரண்டாம் நாள் அவர் எழுதி இயக்கும் நாடகம். பனிமலையைக் கடந்து ஊழியத்துக்குப் போகிற ஒரு மிஷனரியின் கதை. அதற்காகக் கனமான தெர்மாகோல் பலகைகளை அறுத்து, ஒட்டி, நீலச் சாயம் தொட்டு, உச்சியில் பஞ்சு வைத்து, கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து ஒரு இமயத்தையே கட்டியிருந்தார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

"மலை மேல யாரும் சாயாதீங்க. மலை மேல யாரும் பை வைக்காதீங்க. எஸ்தர், நீ அந்தப் பக்கமே வராத."

செங்கல்பட்டு வரைக்கும் சமாளித்தேன். திருச்சியில் உச்சி வெயில். உள்ளே ஆறு மாதிரி வேர்வை. ஒன்றைக் கழற்றினால் வைக்க இடமில்லை, கழற்றாவிட்டால் உயிர் இல்லை. பக்கத்தில் இருந்த என் தோழி சுகந்தி எனக்கு விசிறிக்கொண்டே வந்தாள். ஸ்வெட்டர் போட்ட ஒருத்திக்கு விசிறுவதைப் பார்த்த டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

மலையேறிப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குளிர் சுள்ளென்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. கொண்டு வந்த துணியெல்லாம் என் மேலேயே இருக்கிறது, எல்லாமே நனைந்திருக்கிறது. குளிருக்கு எதிராக நான் கட்டிய கோட்டையே எனக்கு ஈரத்துணி சுற்றிவிட்டது. சுகந்தியின் காய்ந்த நைட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு, அதிகம் நனையாத வெளிப்புற ஸ்வெட்டரை மட்டும் நம்பி, டென்ட்டுக்குள் பிளாஸ்டிக் பாயை விரித்து, நாலு கம்பளியையும் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மேலே எந்தக் குறையும் இல்லை. கம்பளிக்காரர் சொன்ன மாதிரி மூச்சு முட்டியது. கீழேயிருந்துதான் வந்தது. பாயைத் தாண்டி, முதுகைத் தாண்டி, நெஞ்சுக்குள் ஐஸ் கட்டியை யாரோ மெதுவாக நகர்த்துகிற மாதிரி. ஒருக்களித்தால் இடுப்பு விறைத்தது, குப்புறப் படுத்தால் வயிறு விறைத்தது. கம்பளியில் இரண்டைக் கீழே போட்டிருக்கலாமே என்று இப்போது கேட்கிறீர்கள். அப்போது எனக்குத் தோன்றவில்லை. கம்பளி என்றால் போர்த்துவது, தீர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில் கேட்டது. லேசாக, கீ என்று.

எனக்கு உயிரே போய்விட்டது. ஏழாம் வகுப்புக்கு அப்புறம் கேட்காத சத்தம். டில்லியும் தனி மேஜையும் தனி நாற்காலியும் கண்ணெதிரே ரயிலேறிப் போயின. அப்பா சொன்னது பலித்துவிடும் என்கிற பயத்தைவிட, அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்கிற ஆத்திரம் அதிகம். எழுந்தேன். சுகந்தியையும் எழுப்பினேன்.

"கீழ போட எதாவது வேணும்டி. இல்லேன்னா நான் காலி."

"இங்க என்னடி இருக்கு? பக்கத்துக் கொட்டாயில அந்த மலைதான் இருக்கு," என்று தூக்கக் கலக்கத்தில் சொன்னாள். (யோசனை அவளுடையது. இதை அவள் இன்றுவரை மறுக்கிறாள்.)

மலை முழுசாக டென்ட் வாசலில் நுழையவில்லை. நான் என்ன செய்ய? முழங்காலில் வைத்து அழுத்தினேன். அது போட்ட கிறீச் சத்தத்தில் ஊர் நாயெல்லாம் குரைத்தது. அடிவாரம் எனக்கு, இடது சரிவு சுகந்திக்கு, வலது சரிவு தலைமாட்டுக்கு. உச்சியை மட்டும் மரியாதைக்காக விட்டுவைத்தோம். அதன் மேல் படுத்த கொஞ்ச நேரத்தில் முதுகில் சூடு பிடித்தது. மெத்தை மாதிரி. விசில் நின்றது. பனிமலை மேல் படுத்துக் குளிர் விட்ட ஒரே தாம்பரத்துக்காரி நான்தான்.

காலையில் சந்தோஷமாக வெளியே வந்து சோம்பல் முறித்தேன். சமையலுக்கு எங்களோடு வந்திருந்த கன்னியம்மா அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார். கோவளம் பக்கத்தில் மீன் விற்கிற குடும்பம், கடலுக்கே பயப்படாத ஆள்.

"ஐயய்யோ! பொண்ணு மேல பனி மூடிக்கீது! ஓடியாங்க, புள்ள வெறச்சுப் போச்சு!"

குனிந்து பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை தெர்மாகோல் உருண்டைகள். ஸ்வெட்டரில் ஒட்டி, வெள்ளை வெளேரென்று. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னை அடுப்புப் பக்கம் இழுத்துப் போய் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்துவிட்டார். இன்னொருத்தர் என் வாயில் கொதிக்கிற டீயை ஊற்றினார். யாரோ ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள். முகாம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜன் அண்ணா வந்தார். என் தோளிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து விரலில் உருட்டினார். அதில் நீலச் சாயம் இருந்தது. அப்படியே கொட்டகைக்கு ஓடினார்.

"மலையக் காணோம்!"

அதற்கப்புறம் நடந்த பேச்சை எழுத முடியாது, சர்ச் ஆட்கள் படிப்பார்கள். கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார். "மலைய ஒடச்சவளே சாயங்காலம் மலையா நிக்கட்டும்."

"நிக்கறேன். நல்லாவே நிப்பேன்," என்றேன் நான்.

நின்றேன். பெஞ்சு மேல் ஏறி, வெள்ளைப் பெட்ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மிச்சமிருந்த உச்சியைத் தலையில் கட்டிக்கொண்டு. மிஷனரியாக வந்த பையன் மண்டியிட்டு, ராஜன் அண்ணா எழுதிய வசனத்தை உருக்கமாகச் சொன்னான். "ஓ பனிமலையே! நீ ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறாய்?"

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

"கீழ ஒண்ணும் விரிக்காம படுத்தா அப்படித்தான் குளிரும்," என்றது மலை.

பாஸ்டர் ஐயாவிலிருந்து கன்னியம்மா அக்கா வரை சிரித்து உருண்டார்கள். மிஷனரி வசனத்தை மறந்தார். ஊழியம் அத்தோடு நின்றுபோனது. திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ராஜன் அண்ணாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. (பெட்ஷீட்டுக்குள் இருந்தேன்.)

ஆனால் ஒன்று. அன்று இரவு ஒவ்வொருத்தராக எங்கள் டென்ட் வாசலுக்கு வந்தார்கள். "எஸ்தர், ஒரு துண்டு மலை இருக்குமா?" கன்னியம்மா அக்கா வலது சரிவையே கேட்டு வாங்கிப் போனார். யார் சரி, யார் தப்பு என்று இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

திரும்பி வரும்போது ராஜன் அண்ணாவுக்கும் எனக்கும் பஸ்ஸில் சண்டை. கலை முக்கியமா, உயிர் முக்கியமா என்று வத்தலகுண்டில் ஆரம்பித்தது. திருச்சியில் சாப்பிட நிறுத்தினார்கள், சாப்பிட்டுக்கொண்டே தொடர்ந்தோம். விழுப்புரத்தில் என் குரல் கரகரத்தது. திண்டிவனத்தில் சுத்தமாக நின்றது. அதற்கப்புறம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டேன். கூடுவாஞ்சேரி தாண்டும்போதுதான் எனக்கு அப்பாவின் நிபந்தனை ஞாபகம் வந்தது. வெந்நீர் குடித்தேன், கனைத்துப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

தாம்பரத்தில் சர்ச் வாசலில் அப்பா மங்கி கேப்போடு நின்றிருந்தார். கையில் வெந்நீர் பிளாஸ்க்.

"வந்துட்டியாம்மா? எப்படி இருந்துது?"

வாயை அசைத்தேன். ஒன்றும் வரவில்லை. அப்பாவின் முகம் மாறியது. கோபம் இல்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடின காலத்து முகம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததையும் ஜலதோஷம் என்றே நினைத்தார்.

"நான் சொன்னேனா இல்லையா? தொண்டை கட்டிடுச்சு பாரு. டில்லி வேணாம்மா. விட்டுடு."

ராஜன் அண்ணா மலை உச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். பேசாமல் போயிருந்தால் அவருக்கு அதைவிட இனிமையான பழிவாங்கல் கிடைத்திருக்காது. நாலடி போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"அங்கிள், இவளுக்குச் சளியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. வத்தலகுண்டுலேர்ந்து திண்டிவனம் வரைக்கும் என்கூடச் சண்டை. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பஸ்ஸுல யார வேணா கேளுங்க." கொஞ்சம் யோசித்து, "என் மலையையும் ஒடச்சுட்டா," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

"அவ்வளவு தூரமா சண்டை போட்ட?"

மறுபடியும் தலையாட்டினேன். அப்பா மங்கி கேப்பைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப எங்க போனாலும் பொழச்சுக்குவ," என்றார். அடுத்த நாள் காலையில் ரிசர்வேஷன் கவுண்டரில் அவர்தான் முதல் ஆள்.

டில்லியில் எத்தனையோ குளிர்காலம் பார்த்துவிட்டேன், தரையில் கனமாக விரித்துக்கொண்டுதான். ராஜன் அண்ணாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் விட்டபாடில்லை, ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்து கேட்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு நஷ்டம் ஏற்பட்டுவிட்டது. போன வாரம்கூட நிஜமான காய்ச்சல், நிஜமான தொண்டைக்கட்டு. நாலு வார்த்தை ஆறுதலாகக் கேட்கலாம் என்று அப்பாவுக்குப் போன் போட்டு, கரகரத்த குரலில் "அப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் ஆவலாக ஒரு கேள்வி வந்தது.

"யார்கூடம்மா?"